மூன்று முறை வெடிக்கும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்

ஓய்வு பெற்ற ஆயுதப்படைக் காவலர்:

"24 குண்டுகள் முழங்க அரசு மரியாதை" என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். 8 பேர், ஆளுக்கு 3 முறை, அதுதான் கணக்கு. அந்த 8 பேரில் ஒருவனாகப் பல வருஷம் நின்றிருக்கிறேன்.

பணியில் ஒருவர் இறந்தார் என்று தகவல் வந்ததுமே மைதானத்தில் கவாத்து ஆரம்பித்துவிடும். சுடுவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழல் வாயை இடது பூட்ஸ் நுனியில் ஊன்றி, கட்டைமேல் இரண்டு கையையும் வைத்துத் தலைகுனிந்து நிற்க வேண்டும். எதிரே பெற்ற தாய் மாரில் அடித்துக்கொண்டு அழும்போதும் தலையைத் தூக்கக் கூடாது. நான் போன இழவு வீடுகளில் பாதி, பாலிஷ் போட்ட பூட்ஸ் நுனியாகத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் வெடி. வெற்றுத் தோட்டாதான், வானத்தைப் பார்த்துத்தான். ஆனால் 8 துப்பாக்கியும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். ஒருவன் கொஞ்சம் பிந்தினாலும் பட்டாசுச் சரம் மாதிரி சிதறிவிடும். அப்படி ஆன ஒரு நாள், ராத்திரி எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு காலித் தோட்டாக்களைப் பொறுக்குவோம். 24 சுட்டால் 24-ம் கணக்கில் திரும்ப வேண்டும். ராத்திரி வாகனச் சோதனையில் லாரி மோதி இறந்த ஓர் ஏட்டுக்கு மரியாதை செய்த அன்று 23தான் கிடைத்தது. புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது அவருடைய பையன் வந்தான். ஆறேழு வயசிருக்கும். மொட்டையடித்த தலையில் ஈரம் காயவில்லை. கையை விரித்துக் காட்டி, "இது எங்கப்பாவுக்குச் சுட்டதுதானே மாமா, நான் வச்சுக்கட்டுமா?" என்றான். வாங்கிக்கொண்டேன். வேறு வழியில்லை.

தலைமைக் காவலரின் மகள்:

ஐயா, நீங்கள் நின்ற வரிசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் நான். அப்பாவுக்கு மரியாதை செய்த அன்று வெடிக்கப் போகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரிடமும் யாரும் சொல்லவில்லை. முதல் சத்தத்திலேயே அப்பத்தா தரையில் விழுந்துவிட்டார். "செத்துக் கிடக்கிறவனை இன்னும் எதுக்குய்யா சுடுறீங்க?" என்று அவர் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அது மரியாதை என்று அவருக்குக் கடைசி வரை எங்களால் புரிய வைக்க முடியவில்லை.

இப்போது ஒவ்வோர் அக்டோபர் 21-ம் தேதியும் அம்மாவுடன் நீத்தார் நினைவு நாளுக்குப் போகிறேன். 1959-ல் அதே தேதியில் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம் சீனப் படை சுட்டு 10 ரிசர்வ் போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்கக் காவல்துறை அனுசரிக்கிறது. அந்தந்த வருஷம் பணியில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். நான் வருவதே அதைக் கேட்கத்தான். பதவியைச் சொல்லி, பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி அடுத்த பெயர்.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-ல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்துக்கும் அம்மாவைக் கூட்டிப் போனேன். 30 அடி உயரத்தில் ஒரே கருங்கல். அம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர்கள் வெட்டிய சுவரில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த எழுத்துகளை முந்தானையால் துடைத்துவிட்டார்.

ஓய்வு பெற்ற ஆயுதப்படைக் காவலர்:

அம்மா, உங்கள் அப்பத்தா கேட்ட கேள்வி வேறு வீடுகளிலும் வேறு வேறு வார்த்தையில் என் காதில் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் எங்கே போனாலும் எங்களில் ஒருவர் முதலில் வீட்டாரிடம் போவது என்று வைத்துக்கொண்டோம். "மூணு தடவை வெடிக்கும்மா, பயந்துடாதீங்க, அண்ணனுக்கு நாங்க பண்ற மரியாதை" என்று சொல்வோம். உத்தரவில் இல்லாத வேலைதான். முதலிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

பணியில் இருக்கும் காவலர்:

நாளைக் காலை நாங்கள் ஓர் ஊருக்குக் கிளம்புகிறோம். இறந்தவருக்கு வயசான அம்மா இருக்கிறார்களாம். அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வரிசைக்கு வருவேன், ஐயா.