ப்ரூக்ளினில் நான் பார்த்த நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன்

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி யாரையாவது நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஜாக் வைன்ஸ்டீனைப் பார்த்திருக்கிறேன். நியூயார்க் கிழக்கு மாவட்ட நீதிமன்றம், ப்ரூக்ளின்.

அப்போது என் வேலை அந்த நீதிமன்றம் இருக்கும் கேட்மன் பிளாசா பக்கம். அந்த நீதிமன்றத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து வழக்கு பார்க்கலாம். வாசலில் போனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் போன அன்று ஒரு பையனுக்குத் தண்டனை அறிவிக்க இருந்தார்கள். கென்னடி விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டவன். விமான நிலையம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் இந்த மாதிரி வழக்குகள் அங்கே நிறைய.

உள்ளே நுழைந்து பார்த்தால் நீதிபதியின் உயர்ந்த இருக்கை காலி. கீழே ஒரு மேசை. அதைச் சுற்றி அரசு வழக்கறிஞர், பையனின் வழக்கறிஞர், குற்றவாளியின் பின்னணியை விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை தரும் புரொபேஷன் அலுவலர், பையன். அவர்களோடு சாதாரண கோட்டு சூட்டில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெரியவர். கறுப்பு அங்கி இல்லை. அவர்தான் நீதிபதி என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பின்வரிசையில் இருந்த பையனின் அம்மாவையும் மேசைக்கு வரச் சொன்னார். அந்த அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வெளியே வந்தால் பையன் எங்கே தங்குவான் என்று அவரிடம் நிதானமாகக் கேட்டார் நீதிபதி. தண்டனை கொடுக்காமல் விடவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்து கொடுத்தார்.

அது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல, அவருடைய வழக்கமே அதுதான் என்று அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது. 1921இல் விச்சிட்டாவில் பிறந்து ப்ரூக்ளினில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்திருக்கிறார். கொலம்பியாவில் சட்டம் படித்து அங்கேயே பேராசிரியரானார். பள்ளிகளில் இனப் பிரிவினையை வீழ்த்திய பிரவுன் வழக்கில், அதை வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் அணிக்கு உதவினார். 1967இல் ஜனாதிபதி ஜான்சன் அவரை நீதிபதியாக நியமித்தார். ஃபெடரல் நீதிபதிக்கு ஆயுள் பதவி. இவர் 2020இல், 98 வயதில்தான் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

போதைப்பொருள் வழக்குகளில் சட்டமே நிர்ணயித்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைதான் அவரை உலுக்கியது. எதிரே நிற்கும் ஆளைப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கை எழுதி வைத்துவிட்டால் நீதிபதி எதற்கு? 1993இல், வழக்குகளைக் குறைத்துக்கொள்ள இடம் தரும் 'மூத்த நீதிபதி' நிலைக்கு மாறியதும் இனி அந்த வழக்குகளை எடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பின்னாளில் மறுபடி எடுத்தார். அதனால்தான் என்னால் பார்க்க முடிந்தது. 2018இல், விடுதலையாகிக் கண்காணிப்பில் இருப்பவர்களை கஞ்சா புகைத்ததற்காக மட்டும் திரும்பச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்துகிறேன் என்று தீர்ப்பிலேயே எழுதினார்.

அவரை உலகம் அறிந்தது ஏஜென்ட் ஆரஞ்சு வழக்கால். வியட்நாமில் அமெரிக்க ராணுவம் தெளித்த களைக்கொல்லியால் உடல் கெட்டதென்று முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு. 1984 மே 7 அன்று விசாரணை தொடங்க வேண்டும். அதற்கு முன் இரு தரப்பு வழக்கறிஞர்களையும் நீதிமன்றத்திலேயே இருத்தி, இரவெல்லாம் பேச வைத்து, விடிவதற்குள் 18 கோடி டாலருக்கு சமரசம் செய்து வைத்தார். டவ், மான்சாண்டோ உட்பட 7 கம்பெனிகள் அந்தப் பணத்தைக் கொடுத்தன. அத்தனை பேருக்குப் பங்கிட்டபோது ஒருவருக்குக் கிடைத்தது சொற்பம். சமரசத்தில் சேராமல் தனியாக வழக்காடியவர்களின் வழக்குகளை ஆதாரம் போதாது என்று அவரே தள்ளினார். 2005இல் வியட்நாம் மக்கள் போட்ட வழக்கும் அப்படியே போனது. அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அதே சமயம், சமரசத்துக்கு ஒப்புதல் தருமுன் பல நகரங்களுக்குப் போய் முன்னாள் வீரர்களையும் அவர்கள் மனைவிமாரையும் பேசச் சொல்லிக் கேட்டவரும் இவர்தான். மேல் நீதிமன்றம் இவர் தீர்ப்புகளை மாற்றியதும் உண்டு, கெடுதல் குறைவு என்று நம்பவைத்து விற்றதாகப் புகைப்பவர்கள் தொடுத்த 'லைட்' சிகரெட் வழக்கில் 2008இல் நடந்த மாதிரி. அதற்காக இவர் தன் போக்கை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ப்ரூக்ளின் பக்கம் வேலையாக வருபவர்கள் ஒரு காலை நேரத்தை ஒதுக்கிக்கொண்டு அந்த நீதிமன்றத்துக்குப் போங்கள். கையில் அடையாள அட்டை இருக்கட்டும். எந்த அறையில் தண்டனை அறிவிப்பு என்று கேட்டுக்கொண்டு போய் உட்காருங்கள்.