பிஸ்மார்க்கைத் தேடிப் போன 771: இலக்கு இழுக்கும் ஸ்குவாட்ரனுக்குப் பெருமையில் எவ்வளவு பங்கு?

நெடுங்கடல்:
இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் பேச்சு வந்தாலே பிரிட்டிஷ் கடற்படையின் 771 ஸ்குவாட்ரனுக்கு (விமான அணி) மாலை போடுவது வழக்கமாகிவிட்டது. 1941 மே 22 அன்று, நார்வேயில் பெர்கன் பக்கம் பதுங்கியிருந்த பிஸ்மார்க் கிளம்பிவிட்டது என்று பார்த்துச் சொன்னது, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவின் ஹாட்ஸ்டன் தளத்திலிருந்து போன 771இன் மேரிலேண்ட் விமானம். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அன்று வழி கணித்த கமாண்டர் ரோதரம் 771இன் ஆளே இல்லை, தளத்தின் இரண்டாம் நிலை அதிகாரி. போகலாம் என்று முடிவெடுத்தவர் தளத் தலைவர் கேப்டன் ஃபான்கோர்ட். 771 கொடுத்தது விமானமும், அதை ஓட்டிய கோடார்டும், கூடப் போன இரண்டு பேரும்தான். 700 வரிசை எண் என்றால் எடுபிடி வேலை, சண்டைக்கு 800 வரிசை. ஒருநாள் அதிர்ஷ்டத்தை வைத்து எடுபிடி அணியை வீர அணியாக்க வேண்டாம்.

வின்ச்காரன்:
அந்த எடுபிடி வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். 1939 மே மாதம் 771ஐ அமைத்ததே போர்க்கப்பல்களின் பீரங்கிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். விமானத்துக்குப் பின்னால் நீளமான எஃகுக் கயிற்றில் ஒரு துணிக்குழலை இழுத்துக்கொண்டு கப்பலைக் கடக்க வேண்டும், அவர்கள் அதைச் சுடுவார்கள். கேட்கச் சுலபம். துணிக்குழல் காற்றை வாங்கியதும் விமானத்தை ஒரு கை பின்னுக்குப் பிடித்து இழுப்பது போல இருக்கும். எஞ்சின் முழு விசையில் ஓடும், வேகமோ குறைவு, அதனால் குளிரூட்டக் காற்று போதாது. விமானப்படை இலக்கு இழுக்க வைத்திருந்த ஹென்லி விமானம் இப்படித்தான் வீணானது. மணிக்கு 220 மைலுக்கு மேல் இழுத்தால் மெர்லின் எஞ்சின் கெட்டது. பெரிய குழலைக் கட்டியபோது நிலைமை இன்னும் மோசம்: எஞ்சின் நின்ற பிறகு கயிற்றை அறுத்துவிட நேரமில்லாமல் சில விமானங்களே போயின.

இதைத்தான் 771 ஆர்க்னி வானிலையில், தாழ்ந்த மேகத்துக்குக் கீழே, கடலுக்கு மேலே நாள்தோறும் செய்தது. மே 22 அன்று தேவைப்பட்டதும் அதே பழக்கம்தான். மார்ட்டினெட் விமானத்தை எடுத்துக்கொண்டு இவர்கள்...

தாழ்முகில்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 1941இல் மார்ட்டினெட் கிடையாது. அதன் முதல் பறப்பே 1942 ஏப்ரலில். கயிறு சுற்றும் வின்சும் குழல்களும் பின்பக்கம் பாரம் ஏற்றியதால் எஞ்சினை முன்னே தள்ளி, மூக்கை நீட்டி வடிவமைத்த விமானம் அது. மே 1941இல் 771 கையில் இருந்த வேகமான விமானம் மேரிலேண்ட். பிரான்ஸுக்காக அமெரிக்காவில் செய்து, பிரான்ஸ் விழுந்ததும் பிரிட்டனுக்குத் திருப்பிவிட்டது.

வின்ச்காரன்:
திருத்தத்துக்கு நன்றி. மேரிலேண்டையே வைத்துக்கொள்வோம். வாதம் மாறவில்லை.

நெடுங்கடல்:
மாறுகிறது ஐயா. குழல் இழுக்கும்போது கப்பலோ கரையோ கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மே 22 அன்று தேவைப்பட்டது அதுவல்ல. ஹாட்ஸ்டனிலிருந்து பெர்கன் ஏறக்குறைய 490 கி.மீ. மணிக்கு 370 கி.மீ. வேகம் என்று வையுங்கள், 80 நிமிடம். பக்கவாட்டில் 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) காற்று அடித்து, அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 50 கி.மீ. தள்ளிப் போய் நிற்பீர்கள். அந்தக் கரையில் 50 கி.மீ. தவறினால் எது எந்த ஃபியோர்டு (மலைகளுக்கிடையே நுழையும் குறுகிய கடற்கழி) என்றே தெரியாது. அலை மேல் நுரை இழுபடும் கோடுகளைப் பார்த்துக் காற்றின் திசையையும் வலுவையும் கணிப்பது, விமானத்தில் வழி கணிக்கும் கடற்படை அப்சர்வரின் கலை. அது ரோதரத்தின் கைச்சரக்கு. துணிக்குழல் இழுத்துக் கற்றுக்கொண்டதல்ல.

இன்னொன்று. 1940 ஏப்ரல் 10 அன்று இதே ஹாட்ஸ்டனிலிருந்து 16 ஸ்குவா விமானங்கள் இதே பெர்கனுக்குப் போய் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் கப்பலை மூழ்கடித்தன. போனவை 800, 803 ஸ்குவாட்ரன்கள், முன்னணி அணிகள். அதே தூரம், அதே கடல். 771க்கு மட்டும் கைவந்த வித்தை என்று எப்படிச் சொல்வீர்கள்?

வின்ச்காரன்:
ஸ்குவாக்கள் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டன. அதற்கு மேலிருந்து கப்பல் தெரியும் வானம் வேண்டும், அன்று இருந்தது. மே 22 அன்று மேகத்தின் அடி இடத்துக்கு இடம் 200 அடி வரை, அதாவது 60 மீட்டர் வரை இறங்கியிருந்தது. நீங்கள் சொல்லும் நுரைக்கோடுகளைப் பார்க்க வேண்டுமானால் மேகத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்லும். போகும் வழியில் அழுத்தம் 5 மில்லிபார் குறைந்திருந்தால் அது 40 மீட்டர் கூட்டிக் காட்டும். 60 என்று முள் நிற்கும்போது கீழே இருப்பது 20 மீட்டர்தான். அதை நம்பி மேகத்துக்குள்ளிருந்து கடலை நோக்கி விமானத்தை இறக்கியது யார் கை? கோடார்டின் கை. ரோதரம் கணக்குப் போட்டார், அந்தக் கணக்குக்குத் தேவையான காட்சியைக் காட்டியவர் ஓட்டுநர்.

தாழ்முகில்:
இருவரும் வானொலியை விட்டுவிட்டீர்கள். என்னைக் கேட்டால் வழக்கே அங்கேதான் இருக்கிறது. ஃபியோர்டுகள் காலி என்று பார்த்து, உறுதிக்காகப் பெர்கன் துறைமுகத்தின் மேலும் பறந்தார்கள், கடுமையாகச் சுடப்பட்டார்கள். திரும்பி வந்து சேருவோமா என்பதே சந்தேகம் என்பதால் செய்தியை வழியிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. கடலோர விமானப் பிரிவின் அலைவரிசையில் கூப்பிட்டால் பதில் இல்லை. வானொலி இயக்குநர் ஆம்ஸ்ட்ராங், ஆர்க்னியின் கடற்படைத் துறைமுகமான ஸ்காப்பா ஃப்ளோவில் இலக்கு இழுக்கும்போது தாங்கள் வழக்கமாகப் பேசும் அலைவரிசைக்கு மாற்றினார். ஹாட்ஸ்டனில் அது கேட்டது, செய்தி போய்ச் சேர்ந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. குழல் இழுக்கும் வேலையில் வானொலி உயிர்நாடி. கப்பலில் பீரங்கிக்குக் குறிபார்ப்பவரின் கண் துணிக்குழலை விட்டு இழுக்கும் விமானத்தின் மேல் போய்விட்டால் வெடிகள் கயிற்றோடு முன்னேறி வரும், உடனே 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். குழலே இல்லாமல் பீரங்கியை மட்டும் குறிப்பிட்ட கோணம் விலக்கி வைத்து விமானத்தையே குறிபார்க்கும் பயிற்சியும் உண்டு. அந்தக் கோணத்தை வைக்க ஒருவர் மறந்தால் குண்டு நேரே விமானத்துக்குத்தான். அதனால் அந்த அலைவரிசை ஓயாமல் புழங்கியது, இரு முனையிலும் இருந்தவர்களுக்கு ஒருவர் மோர்ஸ் தட்டும் முறை மற்றவருக்குப் பழக்கம். முன்னணி ஸ்குவாட்ரன் ஒன்று போயிருந்தால் இந்த இரண்டாவது வழி இருந்திருக்காது.

நெடுங்கடல்:
வானொலி வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விளைவைப் பெரிதாக்குகிறோமோ? மே 21ஆம் தேதியே விமானப்படை விமானி சக்லிங் தன் ஸ்பிட்ஃபயர் விமானத்திலிருந்து பிஸ்மார்க்கைப் படம் எடுத்துவிட்டார். பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பல் 22 அதிகாலையிலேயே ஸ்காப்பாவை விட்டுக் கிளம்பிவிட்டது. மேரிலேண்ட் போகாவிட்டாலும் ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலான டென்மார்க் நீரிணையில் காவல் கப்பல்கள் இருந்தன.

தாழ்முகில்:
ஹூட் கிளம்பியது முன்னெச்சரிக்கைக்காக. பிரிட்டிஷ் உள்நாட்டுக் கப்பற்படைத் தலைவர் அட்மிரல் டோவி மட்டும் கிங் ஜார்ஜ் V கப்பலோடு ஸ்காப்பாவில் காத்திருந்தார். காரணம் எண்ணெய். பிஸ்மார்க் ஃபியோர்டிலேயே கிடக்க, இவர் கடலில் சுற்றி எண்ணெயைக் கரைத்தால், அது வெளியே வரும் நேரத்தில் இவர் துறைமுகம் திரும்ப வேண்டியிருக்கும். 'கிளம்பிவிட்டது' என்ற சொல் 22 மாலை கிடைத்தது, இரவு 11 மணிக்குள் கிளம்பிவிட்டார். மே 27 அன்று பிஸ்மார்க் மூழ்கும் தறுவாயில் கிங் ஜார்ஜ் V எண்ணெய்க்காகவே களத்தை விட்டுத் திரும்பியதை மறக்க வேண்டாம். ஒருநாள் முன்னே கிளம்பியிருந்தாலும் கஷ்டம், பின்னே கிளம்பியிருந்தாலும் கஷ்டம்.

வின்ச்காரன்:
சந்தடி சாக்கில் ஒன்று: இதே வேலையைப் பின்னாளில் திருகோணமலை சீனக்குடாவில் 733 ஸ்குவாட்ரன் செய்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. பிஸ்மார்க் கிடைக்காத எடுபிடிகளின் கதி அதுதான்.

நெடுங்கடல்:
பதக்கங்களையும் பாருங்கள். ரோதரத்துக்கு டி.எஸ்.ஓ., கோடார்டுக்கு டி.எஸ்.சி., ஆம்ஸ்ட்ராங்குக்கு டி.எஸ்.எம். யார் பங்கு பெரிது என்று கடற்படையே வரிசை போட்டிருக்கிறது.

தாழ்முகில்:
அது பங்கின் வரிசையல்ல, பதவியின் வரிசை. டி.எஸ்.எம். அன்று அதிகாரி அல்லாதவர்களுக்கான பதக்கம், மற்ற இரண்டும் அதிகாரிகளுக்கு. ஆம்ஸ்ட்ராங் என்ன செய்திருந்தாலும் டி.எஸ்.சி. கிடைத்திருக்காது.

நெடுங்கடல்:
சரி, பதக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். வானொலி 771இன் கணக்கில், தாழப் பறந்தது கோடார்டின் கணக்கில். வழி கணித்தது மட்டும் ரோதரத்துடையது, அதை விட்டுத்தர மாட்டேன்.

வின்ச்காரன்:
அதை யாரும் கேட்கவில்லையே!