ஸ்மார்ட் போர்டு: பத்து நாள் பார்த்துவிட்டேன், பதிவேட்டில் என்ன எழுதுவது?

இரண்டாமாண்டு (இழை தொடங்கியவர்)

டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். பாடம் எடுக்கும் முன் பத்து நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உற்றுநோக்கல் பதிவேட்டில் ‘வகுப்பறையில் தொழில்நுட்பப் பயன்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அது இன்னும் காலி.

ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், 23 பிள்ளைகள். சுவரில் புது ஸ்மார்ட் போர்டு. மூன்றாம் நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘ழ’ எழுத வந்தாள். போர்டு எட்டவில்லை, பெஞ்சு போட்டு ஏற்றினார்கள். விழாமல் இருக்க இடது உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டாள். திரைக்கு உள்ளங்கை எது, விரல் எது என்று தெரியுமா? கை பட்ட இடத்திலெல்லாம் கிறுக்கல் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் கிறுக்கல். “கைய எடு, கைய எடு” என்று மற்ற 22 பேரும் கத்தினார்கள். எடுத்ததும் கால் ஆடியது. டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ‘ழ’ ஒருமாதிரி வந்து சேர்ந்தது. திரையில் நட்சத்திரம் சிதறியது, கைதட்டல் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். ஒரு பிள்ளை, ஓர் எழுத்து.

அதே போர்டுக்கு நேர் கீழே, தரையை ஒட்டி, சுவரைச் சுற்றிப் பழைய தாழ்நிலைக் கரும்பலகை ஓடுகிறது. பாதியை பீரோ மறைத்திருக்கிறது. பீரோவை நகர்த்தினால் 23 பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம்.

பத்து நாளும் நிமிடக் கணக்குக் குறித்தேன். பிள்ளைகள் திரையைத் தொட்ட நேரம் கொஞ்சம். வாய் பார்த்து உட்கார்ந்த நேரம் அதிகம். டீச்சர் தன் போனில் உள்ள செயலியில் வருகைப்பதிவோடும் மதிப்பீட்டோடும் மல்லுக்கட்டிய நேரம் அதைவிட அதிகம். டவருக்காக ஜன்னலோரம் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒரு பையன் தினமும் அக்கறையாகக் கேட்கிறான்: “டீச்சர், டவர் வந்துருச்சா?”

தொடக்கப் பள்ளிக்குத் தொழில்நுட்பம் பிள்ளைக்காக வரவில்லை, மேலே கணக்குக் காட்டத்தான் வந்திருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான். தப்பென்றால் சொல்லுங்கள்.

வேப்பமரநிழல்

தப்பே இல்லை அம்மா. அப்படியே பதிவேட்டில் எழுது. (மதிப்பெண் போனால் என்னைத் திட்டாதே.)

அந்தத் தாழ்பலகையைக் கவனித்தாயே, அதற்கே உனக்கு நூற்றுக்கு நூறு. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின் மிச்சம் அது. ஆந்திரத்து ரிஷி வேலியில் பார்த்துவிட்டு வந்து செய்தது. ஏணிப்படி போல அடுக்கிய பாட வரிசை, அட்டை, குழு. பிள்ளை தானே அட்டையை எடுக்கும், தரையில் உட்காரும், சுவரில் தன் பங்குக்கு எழுதும். பலகையைப் பிள்ளையின் தோள் உயரம் பார்த்துப் பூசினார்கள். ஸ்மார்ட் போர்டை யார் உயரம் பார்த்து மாட்டினார்கள்? ஆய்வுக்கு வரும் அதிகாரி உயரம்.

இன்னொன்று. பயறு முளைப்பதை வீடியோவில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கு வெளியே கொட்டாங்கச்சியே கிடைக்கவில்லையா?

ஈராசிரியர்பள்ளி

ஐயா, வணக்கம். ஓய்வு பெற்றபின் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுவது சுகமாகத்தான் இருக்கும். செயல்வழிக் கற்றல் வந்தபோது நம் ஆட்கள் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. “கரும்பலகையை விட்டுத் தரையில் உட்காரச் சொல்கிறான், வாத்தியார் வேலையே போச்சு” என்றார்கள். லேமினேட் செய்த அட்டைகளைக் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்த பள்ளியில்தான் நான் முதலில் சேர்ந்தேன். இன்றைக்கு அதே அட்டை பொற்காலம் ஆகிவிட்டது.

தங்கச்சி, உனக்கும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பத்து நாள் பார்த்திருக்கிறாய், நான் பதினாறு வருடமாக நிற்கிறேன். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்தான். வகுப்பு மட்டும் ஐந்து. அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் அன்றைக்கு நான் ஒருத்தி. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? முன்பெல்லாம் “வாயில் விரல்”. இப்போது பாட்டு ஓடுகிறது, கூடவே ஆடுகிறார்கள், பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தாம் வகுப்பில் நாலு பேருக்கு அரைக்கும் காலுக்கும் வித்தியாசம் புரிந்துவிடுகிறது. இது உன் நிமிடக் கணக்கில் ‘வாய் பார்த்த நேரம்’ என்றுதானே விழும்?

ஆங்கில உச்சரிப்பு இன்னொன்று. நான் தமிழ்வழியில் படித்தவள். என் வாயில் வருவதைவிட அந்தப் பெட்டியில் வருவது நல்ல ஆங்கிலம். இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

முக்கியமாக, செயலி வேறு, போர்டு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. செயலியைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். போர்டை உயரத்தில் மாட்டியது மாட்டியவன் தப்பு, போர்டின் தப்பா?

குட்டன்அப்பா

நான் வாத்தியார் இல்லீங்க, சாப்ட்வேர்ல இருக்கேன். பையன் தனியார் பள்ளியில ரெண்டாவது, டேபுக்குத் தனியா காசு கட்டறேன். அதனால பேச உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

நீங்க எல்லாரும் பேசறது சும்மா வீடியோ ஓட்டறதைப் பத்தி. அது பெரிய டிவி, அவ்வளவுதான். அசல் விஷயம், பிள்ளை எங்க நிக்கறான்னு கண்டுபிடிச்சு அங்கிருந்து சொல்லிக்கொடுக்கிற மென்பொருள். டெல்லியில 2015ல மைண்ட்ஸ்பார்க்னு ஒண்ணை வெச்சுப் பண்ணின ஆய்வு இருக்கு. குலுக்கல்ல ஜெயிச்ச பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க, கிடைக்காதவங்களோட ஒப்பிட்டாங்க. நாலரை மாசத்துல கணக்கு, இந்தி ரெண்டுலயும் நல்ல முன்னேற்றம். ஒரு டீச்சரால 40 பேருக்கு 40 விதமா சொல்லிக்கொடுக்க முடியாது. மெஷினால முடியும். இதுக்கு என்ன பதில்?

வேப்பமரநிழல்

பதில் ஸ்வீடனில் இருக்கிறது. எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2023இல் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குட்டன்அப்பா

அவங்க எல்லார் கையிலயும் கொடுத்து, தெவிட்டிப்போய்த் திரும்பறாங்க சார். நாம இன்னும் பந்தியிலயே உக்காரல.

இரண்டாமாண்டு

குட்டன்அப்பா சார், அந்த டெல்லி ஆய்வைக் கருத்தரங்கத்துக்காகப் படித்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி. ஒன்று, அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள். ‘ழ’ எழுதக் கற்கும் வயது இல்லை. இரண்டு, அது பள்ளி முடிந்தபின் தனி மையத்தில் நடந்தது. தினமும் 90 நிமிடம். அதில் 45 நிமிடம் கணினி, மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்கார வைத்து ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தார். முன்னேற்றத்தில் அந்த ஆளுக்கு எவ்வளவு, மென்பொருளுக்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தத்தையும் பெட்டி பேரில் எழுதலாமா?

பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தெரியவில்லை. கணினி கைக்கு வந்துவிட்டது, அதை வைத்து என்ன பாடம் நடத்துவது என்பது மட்டும் வரவில்லை.

அப்புறம், பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை இங்கேயும் இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எங்கள் டீச்சருக்கு எந்தப் பிள்ளை அரும்பு என்று போன் இல்லாமலே தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே குரல் மாறுகிறது.

ஈராசிரியர் அக்கா, மூட்டை பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறையில் இரண்டும் ஒரே கையில்தானே இருக்கிறது? மதிப்பீடு நாளன்று போர்டை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், டீச்சர் போனைப் பார்த்துக் கேள்வி கேட்டார். படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்றால் படம் கட்டைவிரல் நகம் அளவு. “கிளியா, இலையா டீச்சர்?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. எனக்கும் தெரியவில்லை.

மட்டுறுத்துநர்

செயலியைப் பற்றி மட்டும் புலம்ப வேறு இழை இருக்கிறது, 41 பக்கம் ஓடியாகிவிட்டது. இங்கே வகுப்பறையோடு நிற்கவும்.

ஈராசிரியர்பள்ளி

கட்டைவிரல் நகம்! சரியாகச் சொன்னாய். ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறேன். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்து, கெடு நாளும் வந்துவிட்டால், நானே குத்துமதிப்பாகத் தட்டி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் நிலை எனக்குத் தெரியும், அதனால் பெரிய பொய்யில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்த எண்களை வைத்து மேலே யாரோ வரைபடம் போடுகிறார்கள். மட்டுறுத்துநர் மன்னிக்கவும், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் போர்டை விடமாட்டேன். 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, சுமார் 80 ஆயிரம் ஆசிரியருக்குக் கையடக்கக் கணினி என்று அரசு பணம் போட்டாகிவிட்டது. இனி வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்தி என்ன புண்ணியம்? நாளைக் காலை அதை வைத்து என்ன செய்வாய், அதைச் சொல். எங்கள் ஊர் மலைமேல். ‘அலை’ என்று பாடத்தில் வருகிறது. ஐயா கொட்டாங்கச்சியில் அலை காட்டுவாரா?

தங்கச்சி, ஒரு வேலை செய். நீ பாடம் எடுக்கும் நாளில் கதை வீடியோவைப் போடு. ஒலியை மட்டும் நிறுத்திவிடு. பிள்ளைகளைப் பேசச் சொல். நான் செய்வது அதுதான்.

வேப்பமரநிழல்

கொட்டாங்கச்சியில் இல்லை அம்மணி, அண்டாவில் காட்டுவேன். ஒலியை நிறுத்தும் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். படக்கதை அட்டையிலும் ஒலி கிடையாதே? அதற்கு எதற்கு இத்தனை பெரிய பெட்டி?

குட்டன்அப்பா

அட்டை நகராது சார் :)

இரண்டாமாண்டு (எட்டு நாள் கழித்து)

செய்து பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நாலு எருதும் சிங்கமும் கதை. ஒலியை நிறுத்தி “யார் சொல்றீங்க?” என்றேன். எல்லாரும் சொன்னார்கள். எப்படித் தெரியுமா? வீடியோவில் கதை சொல்கிற குரல் எங்கே நிறுத்துமோ அங்கே நிறுத்தி, எங்கே இழுக்குமோ அங்கே இழுத்து, “அடர்ந்த காட்டிலே நான்கு எருதுகள் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன, குழந்தைகளே” என்று. இரண்டாம் வகுப்புப் பையன் அதே குரலில் ‘குழந்தைகளே’ என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல தடவை ஓடிய வீடியோ, பாராமல் படித்திருக்கிறார்கள். சரி, ஐயா கட்சி ஜெயித்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவர்கள் பார்க்காத ஒன்றைப் போட்டேன். ஒரு நாய், ஒரு ரொட்டிக்கடை, மழை. இதற்கும் ஒலி இல்லை. முதல் அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, “அது எங்க தெரு நாய் மாதிரியே கெடக்கு” என்றாள். அவ்வளவுதான். கடைக்காரர் ஏன் துரத்துகிறார், நாய்க்குக் குட்டி இருக்கிறதா, ரொட்டி நனைந்தால் நாய் தின்னுமா என்று சண்டை. தின்னும் என்று ஒரு கட்சி, தின்னாது என்று ஒரு கட்சி. நடுவே நிறுத்தி, பீரோவை நகர்த்தி (ஹெச்.எம். உதவினார், முறைத்துக்கொண்டே), அடுத்து என்ன நடக்கும் என்று தாழ்பலகையில் வரையச் சொன்னேன். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு சொல் எழுதினார்கள். ‘நாய்’ என்பதை ஐந்து பேர் ‘நாய’ என்று எழுதியிருந்தார்கள். புள்ளி வைக்கவில்லை. ஐந்து பேருக்கும் புள்ளி தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

போர்டு ஓடியது மொத்தம் நாலு நிமிடம். பாடம் முக்கால் மணி நேரம்.

மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் மதிப்பீட்டுத் தாளில் ‘தொழில்நுட்பப் பயன்பாடு’ வரியில் பத்துக்கு நாலு போட்டார். “திரையை இன்னும் கொஞ்சம் நேரம் பயன்படுத்தியிருக்கலாம்” என்றார்.

ஈராசிரியர்பள்ளி

நிமிடத்துக்கு ஒரு மதிப்பெண்.

வேப்பமரநிழல்

என் கட்சி ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். பீரோ நகர்ந்ததே, அது போதும். திருப்பித் தள்ளிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்.

குட்டன்அப்பா

டீச்சர், அந்த அஞ்சு பேருக்கும் புள்ளி தெரியாதுன்னு கண்டுபிடிச்சீங்களே, அதைத்தான் நான் மென்பொருள் கண்டுபிடிக்கும்னு சொல்லிட்டு இருந்தேன். சாக்பீஸ்ல கண்டுபிடிச்சுட்டீங்க. கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு. ஆனா அந்த அஞ்சு பேர் யாருன்னு அடுத்த வருஷம் வர்ற டீச்சருக்கு எப்படித் தெரியும்? எங்கயாவது குறிச்சு வெச்சீங்களா?

இரண்டாமாண்டு

என் நோட்டில் இருக்கிறது சார். பயிற்சி முடிந்ததும் நோட்டு என்னோடு வந்துவிடும். நீங்கள் கேட்கும்வரை அது தோன்றவில்லை. நாளைக்கு டீச்சரிடம் ஐந்து பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன்.

ஆமாம், நாய் ரொட்டியைத் தின்றதா என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மீதி வீடியோவைப் போடலாம் என்று பார்த்தால் ரிமோட்டைக் காணோம்.