நீச்சல் குளம் உள்ள குடியிருப்பு, மூன்று வயதுக் குழந்தை: காற்று வளையம் போதுமா?

புதுக்குடி:
அடுத்த மாதம் நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடிக்குக் குடிபோகிறோம். பையனுக்கு ஏழு வயது, ஓரளவு நீந்துவான். பெண்ணுக்கு மூன்று. தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர், பயமே கிடையாது, அதுதான் எனக்குப் பயம். குளத்துக்கு மூன்று பக்கம் கம்பி வேலி, நாலாவது பக்கம் கட்டடச் சுவர், அதில் ஒரு கதவு. நாங்கள் பார்க்கப் போனபோது அந்தக் கதவு இடுக்கில் ஒரு செருப்பைச் சொருகித் திறந்தே வைத்திருந்தார்கள். கையில் மாட்டும் காற்று வளையம் போட்டால் போதும் என்கிறார் அங்கே இருப்பவர். போதுமா?

ஆழம்பார்ப்பவன்:
போதாது. நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். அந்த வளையம் விளையாட்டுச் சாமான், கையை மேலே தூக்கினாலே நழுவும், சின்ன ஓட்டை விழுந்தால் காற்றுப் போய்விடும். அதைவிட மோசம், அதோடு பழகிய குழந்தை தனக்கு மிதக்கத் தெரியும் என்று நம்பி, அது இல்லாத அன்றும் குதிக்கும். எடைக்கு ஏற்ற, தரச்சான்று உள்ள லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதைப் போட்டாலும் நீங்கள் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கரையில் நாற்காலி போட்டு அல்ல.

இன்னொன்று, மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரம் மூச்சு இழுக்கவே பத்தாது, கத்த எங்கே? உடல் நேராக நிற்கும், தலை பின்னால் சாயும், கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்தும், ஏணி ஏறுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கே விளையாட்டாகத்தான் தெரியும். இது 20 முதல் 60 நொடி வரைதான், அப்புறம் தலை உள்ளே போய்விடும்.

மாடிவீடு:
வளையத்தை விடுங்கள், எனக்கு அந்தக் கதவுதான் உறுத்துகிறது. சின்னக் குழந்தைகள் பலர் தண்ணீரில் விழுவது குளிக்கிற நேரத்தில் அல்ல, யாரும் அதை எதிர்பார்க்காத நேரத்தில்தான். வேலி நாலு பக்கமும் வேண்டும், குறைந்தது நாலடி உயரம், கம்பிகளுக்கு இடையே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்து தானாகவே மூடித் தாழ் விழ வேண்டும், தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத நாலரை அடி உயரத்தில். சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போகும். வேலி ஓரத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம், ஏறிவிடுவார்கள். குளித்து முடித்ததும் மிதக்கிற பந்து, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அதை எடுக்கத்தான் திரும்ப வருவார்கள்.

கரையோரம்:
இவ்வளவு எதற்கு? சீக்கிரம் நீச்சல் பழக்கிவிட்டால் கவலை தீர்ந்தது.

ஆழம்பார்ப்பவன்:
பழக்குங்கள், நல்லதுதான், ஆபத்து குறையும். ஆனால் தீராது. ஆடையோடு தவறி விழுகிற மூன்று வயதுக் குழந்தைக்கு வகுப்பில் கற்றது அந்த நிமிடம் கைகொடுக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். நீந்தத் தெரிந்த பெரியவனுக்கு வேறு ஆபத்து, யார் தண்ணீருக்கடியில் அதிக நேரம் மூச்சடக்குவது என்கிற போட்டி. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பலாம். உங்கள் பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வடிகால் பக்கமும் போகக்கூடாது, முடி சிக்கிக்கொள்ளும். மூடி உடைந்திருந்தால் யாரும் இறங்கவே வேண்டாம்.

புதுக்குடி:
எல்லோருக்கும் நன்றி. ஏதாவது நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? குழந்தையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்கிறார்களே.

இரவுப்பணி:
செவிலியர் நான். தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது இரண்டுமே வேண்டாம், நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, நீங்கள் வாயில் ஐந்து முறை ஊதிவிட்டு, அப்புறம் நெஞ்சில் 30 அழுத்தம், வாயில் 2 ஊதல் என்று தொடருங்கள். இதைப் படித்தால் வராது, வீட்டில் இரண்டு பேராவது சிபிஆர் (இப்படி நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி) பயிற்சிக்குப் போங்கள். மூச்சு திரும்பிக் குழந்தை எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்புறம், குழந்தையைக் காணோம் என்றால் கட்டிலடி, அலமாரி எல்லாம் பிறகு. முதலில் குளத்தைப் பாருங்கள்.

மாடிவீடு:
நீச்சல் உடை இன்னும் வாங்கவில்லை என்றால் நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு எடுங்கள்.