பீட்டா பிக்டோரிஸ் பி: ஏறுகணுவுக்கு இரண்டு விடைகள், எது சரி?

கேள்வி (மாணவன், நாகர்கோவில்):
முதுகலை இயற்பியல் ஆய்வுக்காக பீட்டா பிக்டோரிஸ் விண்மீனைச் சுற்றும் பி என்ற கோளின் சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறேன். ஆய்வுக்கட்டுரைகளில் வெளியான கோண இடைவெளி (வானில் விண்மீனிலிருந்து கோள் எவ்வளவு தள்ளி), நிலைக்கோண (எந்தத் திசையில்) அளவீடுகளைச் சுற்றுப்பாதை கணிக்கும் ஆர்பிட்டைஸ் மென்பொருளில் கொடுத்தேன். சுற்றுக்காலம் 23, 24 ஆண்டுகள். சுற்றுப்பாதையின் சாய்வு ஏறத்தாழ 89 பாகை. ஏறுகணு (கோள் வான்தளத்தைக் கடந்து நம்மைவிட்டு விலகிச் செல்லும் இடத்தின் திசை) மட்டும் நிகழ்தகவு வரைபடத்தில் 32 பாகையிலும் 212 பாகையிலும் இரண்டு முகடுகளாக நிற்கிறது. கணக்கை நெடுநேரம் ஓடவிட்டேன். முகடுகள் கூர்மையாகின்றனவே தவிர, ஒன்றும் மறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (தக்கலை):
தம்பி, நிலைக்கோணம் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி அளந்ததுதானா? வெவ்வேறு கருவிகளின் வடதிசைத் திருத்தத்தையும் பாருங்கள்.

மாணவன்:
இரண்டையும் சரிபார்த்துவிட்டேன் அண்ணா.

பதில் (குளச்சல்):
தம்பி, உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. கோள் நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதைப் படம் சொல்லாது. ஏறுகணுவையும் அண்மைப்புள்ளிக் கோணத்தையும் (கோள் விண்மீனுக்கு மிக அருகில் வரும் இடத்தைக் குறிப்பது) சேர்த்து 180 பாகை திருப்பினால், வானில் அதே தடம்தான் கிடைக்கும். படங்களை எத்தனை சேர்த்தாலும் இது தீராது. ஆரத் திசைவேகம், அதாவது நம் பார்வைக்கோட்டில் கோள் வரும் அல்லது போகும் வேகம் வேண்டும்.

அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கோள் தென்மேற்கில் இருந்தபோது சிலியின் விஎல்டி தொலைநோக்கியில் எடுத்த நிறமாலையை 2014இல் வெளியிட்டார்கள். விண்மீனைச் சார்ந்து நொடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் கோள் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. தென்மேற்கில் நெருங்குகிறது என்றால் வடகிழக்கில் விலகும். ஏறுகணு என்பது விலகும் பக்கம். ஆகவே வடகிழக்கில் உள்ள 32தான். அந்த ஒற்றை அளவீட்டைத் தரவு அட்டவணையில் சேருங்கள்.

இந்த விண்மீனை நம் கடற்கரையிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் தென்வானில் அகத்தியர் விண்மீனுக்குச் சற்று மேற்கே தேடுங்கள். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது எளிதல்ல.

மாணவன்:
212 விழுந்துவிட்டது, அக்கா. மிக்க நன்றி! இன்னொரு சிக்கல்: விஎல்டியின் பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து அளக்கும் கிராவிட்டி கருவியின் அளவீடுகள் மட்டும் பாதையிலிருந்து சற்று விலகி நிற்கின்றன. அவற்றை நீக்கிவிடலாமா?

பதில் (குளச்சல்):
நீக்கவே கூடாது. உங்களிடம் இருப்பவற்றில் மிகத் துல்லியமானவை அவைதாம். 2019இல் அறிவிக்கப்பட்ட சி என்ற இன்னொரு கோள், பி கோளின் பாதைக்கு உள்ளே, அதே விண்மீனிலிருந்து ஏறத்தாழ 2.7 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு) தொலைவில் சுற்றுகிறது. வியாழனைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு நிறை. அது விண்மீனையே அசைக்கிறது. பி கோளின் இடத்தை விண்மீனிலிருந்து அளப்பதால் அந்த அசைவும் உங்கள் எண்களில் கலந்துவிடும். பழைய படங்களின் பிழை அளவு பெரிது, அதில் இது தெரியாது. கிராவிட்டியில் தெரியும். இரண்டு கோள்களையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பொருத்துங்கள்.