சிங்கப்பூர் கடையில் 86 டாலர், கார்டு பில்லில் 860: யாராவது வழி சொல்லுங்க

கிரெடிட் கார்டில் தப்பாக எடுத்த பணத்தைப் போராடித் திரும்ப வாங்கினவர்கள் சேலத்தில் யாராவது இருக்கிறீர்களா? போன மாதம் சிங்கப்பூர் போனபோது செராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் அம்மாவுக்கு பிபி பார்க்கும் மெஷின் வாங்கினேன். கடை ரசீதில் 86.00 என்று தெளிவாக இருக்கிறது. ஸ்டேட்மென்டில் 860 டாலர், அதற்கு மேல் வெளிநாட்டுப் பணத்தில் வாங்கியதற்கு பேங்க் போடும் மார்க்அப் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. எல்லாமே தப்புத் தொகைக்குத்தான்!

கடைக்கு மெயில் போட்டால் "ரசீதோடு நேரில் வாங்க, பார்க்கலாம்" என்று பதில். அஸ்தம்பட்டியிலிருந்து அஞ்சு ரோடு போய் வருவது மாதிரி நினைத்துவிட்டார்கள் போல. அந்த மெயிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பேங்க் கிளையில் கை விரித்துவிட்டார்கள், கஸ்டமர் கேரில் புகார் எண் மட்டும் கிடைத்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி பில்லை மறுத்துப் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார், அது சரி. ஆனால் பில் கட்டும் கடைசித் தேதி அதற்கு முன்னாலேயே வருகிறதே. சண்டையில் இருக்கும் தொகையை விட்டுவிட்டு மீதியை மட்டும் கட்டினால் வட்டி போட்டு சிபில் ஸ்கோரையும் (கடன் மதிப்பெண்) கெடுத்துவிடுவார்களா, இல்லை முழுசாகக் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்பதுதான் நல்லதா? பணம் திரும்பினால் மார்க்அப்பும் ஜிஎஸ்டியும் சேர்ந்து வருமா?

கார்டை உடனே பிளாக் பண்ணச் சொல்கிறார் மச்சான். பண்ணினால் புகார் அப்படியே நிற்குமா? அனுபவப்பட்டவர்கள் மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்.