தளம் போடும் முன் ஒரு விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோருக்காகத் திருச்சி அருகே 800 சதுர அடியில் கட்டிவரும் வீட்டில் லிண்டல் மட்டம் (கதவு, சன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்திரம்) முடிந்து, இப்போது மேல்தளத்திற்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) அடித்துக் கம்பி கட்டுகிறார்கள். நேற்று மாலை மேலே ஏறிப் பார்த்தபோது, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைச் சற்று உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் ஜல்லிக் கற்களைச் செருகியிருந்ததையும், சில இடங்களில் கம்பி சென்ட்ரிங் தகரத்தையே தொட்டுக்கொண்டிருந்ததையும் கண்டேன்.

கவர் என்பது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கனம். தளத்திற்கு அது குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருவேறிப் பருத்து, பின்னாளில் காரை பெயர்ந்து விழும் என்பதை அறிவேன். மேஸ்திரியோ ஜல்லியே போதும் என்கிறார். அவர் அனுபவமுள்ளவர், மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கவர் பிளாக்கை எத்தனை அடிக்கு ஒன்றாக வைக்கச் சொல்லலாம்? கட்டிய கம்பியைப் பிரிக்காமலே இப்போது வைக்க இயலுமா? மேலும், மதிப்பீட்டில் உள்ள சதுர அடி விலையில் சன்ஷேடும் (சன்னலுக்கு மேல் வரும் வெயில், மழை மறைப்பு) லாஃப்ட்டும் (பரண்) அடங்குமா, தனிக்கணக்கா என்பதையும் விளக்குங்கள். வரும் வெள்ளிக்கிழமை கான்கிரீட் போடுவதால், அதற்குள் பதில் கிடைத்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.